இல்லாத பித்தப்பை நார்மல்

வேலையில் இருந்தவரை, புதிதாகச் சேரும் கதிரியல் மருத்துவர்களை முதல் நாளே கேன்டீனுக்கு டீ குடிக்கக் கூட்டிப் போவது என் வழக்கம். மிஷின்களைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டேன். அதெல்லாம் உங்கள் தலைமுறைக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். துறைத் தலைவராக நான் பட்டதில் ஒன்றிரண்டைச் சொல்லி அனுப்புவேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். கேன்டீன் டீயிலிருந்து நீங்கள் தப்பித்தீர்கள், என் பேச்சிலிருந்து தப்பிக்க முடியாது.

அன்று வெள்ளிக்கிழமை. காலை ஓ.பி. கூட்டம் வடியாத நேரம். சென்னிமலையிலிருந்து வந்திருந்த பழனிசாமி என்பவர் என் அறை வாசலில் நின்றார். பெட்ஷீட் வியாபாரம் செய்கிறவர், வெள்ளை வேட்டி, கையில் ஸ்கேன் கவர். உள்ளே வரச் சொல்லி மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் வந்தார். உட்காரச் சொன்னால் பரவாயில்லைங்க என்றார்.

"ஏனுங்க டாக்டரம்மா, தப்பா நெனைச்சுக்கப்படாது. ஆப்ரேசன் பண்ணி எடுத்துப்போட்ட பித்தப்பை மறுக்கா மொளைக்குமுங்களா?"

முளைக்காது என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ரிப்போர்ட்டை நீட்டினார். அவர் மனைவி மயிலாத்தாளுக்குப் போன வருடம் ஈரோட்டில் கல் இருந்த பித்தப்பையை அறுவை செய்து எடுத்திருந்தார்கள். மறுபடி வயிற்று வலி வர, கோயம்புத்தூரில் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்து முந்தைய நாள் சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தார். ரிப்போர்ட்டைக் கல்லூரியில் படிக்கும் மகள் வாசித்துச் சொல்லியிருக்கிறாள். அதில் பித்தப்பை நல்ல அளவில், மெல்லிய சுவருடன், கல் எதுவும் இல்லாமல் நார்மலாக இருந்தது. அதை ஒட்டிய பித்தக் குழாயும் நார்மல். வயிற்றில் எல்லாமே நார்மல். கீழே கையெழுத்து டாக்டர் ரஃபீக்.

நம் தொழிலில் வெளியாட்களுக்குத் தெரியாத ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு உறுப்பும் நார்மல் என்று முன்கூட்டியே எழுதிய அறிக்கை கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும். எது மாறியிருக்கிறதோ அந்த வரியை மட்டும் நாம் மாற்றுவோம். நேரம் மிச்சம். மாற்ற மறந்தால் ஆண்பிள்ளைக்குக் கர்ப்பப்பை நார்மல் என்று போகும், எடுத்துவிட்ட கிட்னி அழகாக வேலை செய்யும். இந்த மாதிரிக் கதை இல்லாத கதிரியல் துறையே கிடையாது. சர்ஜன்கள் இதை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் நம்மை ஓட்டுவார்கள்.

வேறு யாராவது எழுதியிருந்தால் நானும் சிரித்துவிட்டு, திட்டிவிட்டு, வரியைத் திருத்திக் கொடுத்திருப்பேன். எழுதியது ரஃபீக் என்பதால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரஃபீக் கோட்டைமேட்டுப் பையன். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் உக்கடத்தில் இரும்புக் கடை. என் துறையில் அவரைவிடக் கூர்மையான கண் யாருக்கும் இருந்ததில்லை, எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வெறும் கண் மட்டும் இல்லை. படத்தைப் பார்ப்பதற்கு முன் எழுந்து போய் நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டுவிட்டு வருவார். சந்தேகம் வந்தால் சர்ஜனுக்குப் போன் போடுவார். அவர் நம்பரைப் பார்த்தாலே, இன்றைக்கு அரை மணி நேரம் போச்சு என்று சர்ஜன்கள் அலுத்துக்கொள்வார்கள்.

அந்த ஆள் ஆறேழு மாதமாக யாருக்கும் போன் போடவில்லை. நோயாளியிடம் எழுந்து போகவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குப் போய்வரும் வழக்கத்தை விட்டிருந்தார். சாப்பாட்டுக் கேரியர் பல நாள் திறக்காமலே வீட்டுக்குப் போனது. ஆனால் அவர் பார்க்கும் படங்களின் எண்ணிக்கை மட்டும் மாதாமாதம் ஏறிக்கொண்டே இருந்தது. எங்கள் நிர்வாக அதிகாரி அதை ஒரு வரைபடமாகப் போட்டு மீட்டிங்கில் காட்டி, எல்லோரையும் கைதட்டச் சொன்னார்.

இதை நன்றாகக் கவனியுங்கள். வேலைச் சுமையில் ஒருவர் நொறுங்கிப்போகிறார் என்றால் அழுவார், கத்துவார், லீவு கேட்பார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கத்துகிறவரைப் பற்றி நான் பயப்படவே மாட்டேன், அவருக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. கேள்வி கேட்பதை நிறுத்தியவர்தான் ஆபத்தில் இருக்கிறார். கேள்வி கேட்காதவருக்கு வேலை வேகமாக முடியும், அதனால் அவருக்குத்தான் கைதட்டல் கிடைக்கும்.

சுமை எப்படி வந்தது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. எங்களில் இரண்டு பேர் போய்விட்டார்கள். ஒருவர் கணவரோடு பெங்களூருக்கு, இன்னொருவர் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுப் படங்களைப் பார்க்கும் வேலைக்கு. அவர்கள் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. விளம்பரம் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோனோம். அதே சமயத்தில் நிர்வாகம் பெரியநாயக்கன்பாளையத்திலும் சத்தியமங்கலத்திலும் இருக்கும் ஸ்கேன் சென்டர்களோடு காண்ட்ராக்ட் போட்டது. அங்கே எடுக்கிற படமெல்லாம் எங்கள் திரைக்கு வரும், நாங்கள் ரிப்போர்ட் எழுதி அனுப்ப வேண்டும். இருந்த ஆட்களில் பாதி போய், வேலை இரண்டு மடங்கானது. கணக்குப் போட டாக்டர் படிப்பு வேண்டியதில்லை. நான் ஒவ்வொரு மீட்டிங்கிலும் சொன்னேன், ஒவ்வொரு மீட்டிங்கிலும் குறித்துக்கொண்டார்கள்.

பழனிசாமியை உட்கார வைத்துவிட்டு மயிலாத்தாளின் படத்தைத் திறந்தேன். பித்தப்பை இருந்த இடத்தில் அறுவையில் போட்ட கிளிப்புகள் தெரிந்தன. இன்னும் கீழே போனேன். பித்தக் குழாயின் கடைசியில், சின்னதாக, வெள்ளையாக ஒரு கல். பித்தப்பையை எடுக்கும்போது நழுவிக் குழாய்க்குள் தங்கிவிட்ட கல்லாக இருக்க வேண்டும். கண்ணாமூச்சி ஆடுகிற கல் இல்லை அது, பார்க்கிற கண்ணுக்குத் தெரிகிற கல். குழாய் அடைத்துக்கொண்டு சீழ் பிடித்தால் உயிருக்கே உலை வைத்துவிடும். மத்தியானம் பஸ்ஸுக்கு ஊர் திரும்புவதாக இருந்தார்கள். சரக்கு லோடு ஏற்ற வேண்டும், ரிப்போர்ட்டும் நார்மல் என்றாகிவிட்டது, அப்புறம் என்ன?

முதலில் குடல் மருத்துவருக்குப் போன் செய்து சொன்னேன். பிறகு பழனிசாமியிடம், ரிப்போர்ட் தவறு, குழாயில் கல் இருக்கிறது, அம்மாவை இன்றே சேர்க்க வேண்டும் என்று நேராகவே சொன்னேன். சுற்றி வளைத்துப் பேசினால் அவர்கள் பயம்தான் கூடும். அவர், சரிங்க, லோடு ஏத்த வேற ஆளச் சொல்லிட்டு வாரேன் என்று எழுந்து போனார்.

நோயாளி பத்திரம். மீதி இருந்தது ரஃபீக்.

திருத்திய அறிக்கையை என் பெயரில் போட்டு, அவருக்குத் தெரியாமலே முடித்திருக்கலாம். நல்ல தலைவி என்று பெயர்கூடக் கிடைக்கும். ஆனால் அவர் திரையில் அப்போதும் படங்கள் வந்துகொண்டேதானே இருக்கின்றன? எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. இந்த மனிதரின் கண் கெட்டுவிட்டதா, களைத்துவிட்டதா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

அவர் அறைக்குப் போனேன். திரும்பிப் பார்க்காமலே, சொல்லுங்க மேடம் என்றார். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, பள்ளிவாசலுக்குப் போகவில்லையா என்றேன். பார்க்க வேண்டிய படங்கள் லிஸ்ட்டில் இருக்கின்றன என்றார். அவர் லிஸ்ட் முழுவதையும் அங்கேயே என் பெயருக்கு மாற்றினேன். போய் வந்து, வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு, கொஞ்சம் படுத்துவிட்டு வரச் சொன்னேன். மனிதருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"நான் ஏதாச்சும் தப்பு பண்ணிப்போட்டனுங்களா மேடம்?"

சாப்பிட்டுவிட்டு வாருங்கள், பேசலாம் என்றேன். பொய் சொல்லவில்லை, ஆனால் பசித்திருக்கிறவரிடம் தப்பைப் பற்றிப் பேசக்கூடாது என்பது என் கட்சி.

நான்கு மணி சுமாருக்கு வந்தார். முகம் கழுவித் தெளிந்திருந்தது. பெயரை மறைத்து அந்தப் படத்தைத் திரையில் போட்டேன். அறைக்கதவைச் சாத்தி, அவர் போனை வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். இந்த ஒரு படம்தான், வேறு எதுவும் இல்லை, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பாருங்கள் என்றேன். உருட்ட ஆரம்பித்தார். பித்தப்பை இல்லை, கிளிப் இருக்கிறது என்றார். கீழே போனார், நின்றார், மேலே வந்தார், மறுபடி கீழே போனார்.

"பித்தக் கொழாயில கல்லு இருக்குதுங்க மேடம். இவங்களுக்கு வலி எப்ப இருந்துங்க? கண்ணு மஞ்சளாயிருக்குதுங்களா? காய்ச்சல் இருக்குதா?"

மாதக்கணக்கில் கேட்காத கேள்விகள் அவை. கண் கெடவில்லை, களைத்திருந்தது. ஆனால் அடுத்ததாக நான் செய்ய வேண்டியிருந்தது கொடுமையான காரியம். மறைத்திருந்த பெயரைத் திறந்து, அவருடைய ரிப்போர்ட்டைப் பக்கத்தில் போட்டேன்.

தன் கையெழுத்து வரை வாசித்தார். அப்புறம் மிக அமைதியாகச் சொன்னார்.

"இனிமே நான் படம் பாக்கறது சரியில்லீங்க மேடம். இதை நான் பாத்த ஞாபகமே இல்லீங்க. அண்ணன் கடைக்கே போயர்றேன்."

கோபத்தில் சொல்லவில்லை, ரொம்ப நாளாக யோசித்து வைத்திருந்ததைச் சொல்லுகிற மாதிரி சொன்னார். எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல் இல்லை. கோயம்புத்தூரின் மிக நல்ல கண் ஒன்று இரும்புக் கடையில் எடை போடப் போகிறது, அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை என்கிற கோபம்.

இந்த இடத்தில் பெரும்பாலான தலைவர்கள், பரவாயில்லை விடுங்க, எல்லாருக்கும் நடக்கிறதுதான் என்பார்கள். நீங்கள் தலைவர்களாகும்போது தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். தப்புச் செய்தவருக்கு அது பரவாயில்லாத விஷயம் அல்ல. பரவாயில்லை என்று சொன்னால், இவருக்கு நம் வேதனை புரியவில்லை என்று கதவைச் சாத்திக்கொள்வார். நான் சொன்னது இவ்வளவுதான்: போவதானால் போங்கள், தடுக்கமாட்டேன், ஆனால் நாளைக்கு அந்த அம்மாவின் கல்லை எடுத்த பிறகு நேரில் வந்து நீங்களே சொல்லிவிட்டுப் போங்கள். சரி என்றார்.

அங்கிருந்து நேராக நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போனேன். அவரைப் பற்றி ஒரு வார்த்தை. கெட்டவர் இல்லை. வேலையெல்லாம் ஸ்பின்னிங் மில்லில் பார்த்து, மேனேஜராகி, எங்களிடம் வந்தவர். ஷிப்ட், புரொடக்‌ஷன், டார்கெட் என்றுதான் பேச்சே வரும். சி.டி. மிஷின் சும்மா நின்றால் அவருக்கு மூச்சு முட்டும். செய்தி எனக்கு முன்பே அவரிடம் போயிருந்தது. ரஃபீக்குக்கு ஒரு மெமோ கொடுத்துவிட்டு, தப்பு நடக்காமலிருக்கக் கம்ப்யூட்டரே படம் பார்க்கும் சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாம் என்றார். வாங்குங்கள், அது பார்த்ததைப் பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் எங்கே என்று கேட்டேன்.

மெமோ கொடுக்கக்கூடாது, ஆள் சேரும்வரை வெளி சென்டர் படங்களில் அவசரம் தவிர எதையும் எடுக்கக்கூடாது என்றேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரஃபீக்தான் ஆஸ்பத்திரியிலேயே வேகமான டாக்டர், வரைபடமே இருக்கிறதே என்றார்.

"உங்க மில்லுல ஒரு ஆளு பாக்கற மிஷின்ல நூலு அறுந்துட்டே இருந்தா என்னங்க பண்ணுவீங்க?"

"ஸ்பீடக் கொறைப்போமுங்க. இல்லீனா அவங்க பாக்கற நூல் ஸ்பிண்டில் எண்ணிக்கையக் கொறைப்போம்." மில்காரருக்கு அது வாயில் தானாக வந்துவிட்டது.

"மெமோ குடுப்பீங்களா?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "அது நூலுங்க மேடம். அறுந்தா முடி போட்டுக்கலாம். இது காண்ட்ராக்ட்டு."

"நூலுக்கு முடி போட்டுக்கலாமுங்க. அந்தச் சென்னிமலை அம்மாவுக்கு எங்கீங்க முடி போடறது?"

மெமோவை நிறுத்தி வைத்தார். காண்ட்ராக்ட் விஷயம் சேர்மன்தான் முடிவு செய்ய வேண்டும், அடுத்த வாரம் மீட்டிங்கில் வைக்கிறேன் என்றார். பாதி ஜெயித்தோமே என்று நானும் எழுந்து வந்துவிட்டேன். அடுத்த வாரம்தானே, பொறுக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது.

மறுநாள் காலையில் மயிலாத்தாளுக்கு வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுத்தார்கள். மதியத்துக்கு மேல் ரஃபீக் வந்தார். இரண்டு பேரும் வார்டுக்குப் போனோம். அந்த அம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தார், பழனிசாமி பக்கத்தில் ஸ்டூலில் இருந்தார். வழியெல்லாம் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பழனிசாமி கத்தினால் ரஃபீக் அன்றோடு இந்தத் தொழிலைத் தலைமுழுகிவிடுவார் என்று எனக்குத் தெரியும். கத்துவதற்கு அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

ரஃபீக் கட்டில் காலடியில் நின்று, தன் பெயரைச் சொல்லி, முதல் ரிப்போர்ட்டை எழுதியது நான்தான், கல்லைப் பார்க்காமல் விட்டேன், என்னை மன்னிக்க வேண்டும் என்றார். காரணம் எதுவும் சொல்லவில்லை. ஆள் பற்றாக்குறை, லிஸ்ட், எதுவும் இல்லை. பழனிசாமியின் முகம் இறுகிப்போனது.

"நாங்க மத்தியானம் கெளம்பியிருப்பமுங்க," என்றார். அவ்வளவுதான். சத்தம்கூட உயரவில்லை. ரஃபீக் தலையைக் குனிந்துகொண்டார்.

மயிலாத்தாள் என்னைப் பார்த்து, கல்லைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். நானும் பார்த்தேன், பிறகு இவரும் மறுபடி பார்த்து அவராகவே கண்டுபிடித்தார், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்றேன்.

"ரெண்டாவது தடவ பாத்ததும் இந்தத் தம்பியேதானுங்களா?"

"ஆமாங்கம்மா," என்றார் ரஃபீக்.

"அப்பறம் என்ன கண்ணு. ரெண்டாவது தடவ எப்படிப் பாத்தியோ, அப்படியே எல்லாருக்கும் பாத்துப்போடு. வேறென்ன சொல்றது."

ரஃபீக்கின் கண் கலங்கிவிட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், எனக்குச் சுருக்கென்றது. இரண்டாவது தடவை அவர் எப்படிப் பார்த்தார்? வயிறு நிறைந்திருந்தது. கதவு சாத்தியிருந்தது. போன் என் பையில் இருந்தது. முன்னால் ஒரே ஒரு படம் இருந்தது. இதில் எதையும் அவராக ஏற்பாடு செய்துகொள்ளவில்லை, நான் செய்து கொடுத்தேன். அந்த அம்மா கேட்டது ரஃபீக்கால் முடிகிற காரியமே இல்லை. என்னால்தான் முடியும். அதை அடுத்த வார மீட்டிங்குக்குத் தள்ளிவைத்துவிட்டு வந்திருந்தேன்.

கீழே இறங்கி, என் அறைக்குப் போய், இரண்டு சென்டர்களுக்கும் நானே போன் செய்தேன். விபத்து, பக்கவாதம், உயிர் போகிற அவசரம் இவை தவிர இன்றிலிருந்து எந்தப் படமும் எங்களுக்கு அனுப்பவேண்டாம், புது டாக்டர்கள் சேர்ந்ததும் நாங்களே சொல்கிறோம் என்றேன். சத்தியமங்கலத்துக்காரர் முனகிவிட்டு ஒத்துக்கொண்டார். பெரியநாயக்கன்பாளையத்துக்காரர் அன்று மாலையே வேறு ஆஸ்பத்திரியோடு பேசி அங்கே போய்விட்டார். நிர்வாக அதிகாரி என்னோடு பேசுவதை நிறுத்தினார். சேர்மன் கூப்பிட்டு, யாரைக் கேட்டு இதைச் செய்தீர்கள் என்றார். ஒரு நோயாளியைக் கேட்டுத்தான் செய்தேன், துறைத் தலைவரை மாற்ற வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை என்றேன். மாற்றவில்லை. என்மேல் இருந்த மரியாதையால் அல்ல, மாற்றுவதற்கு வேறு ஆள் கிடையாது. ஆள் தட்டுப்பாடு எனக்கு உதவியது அந்த ஒரு முறைதான்.

வீரக்கதை சொல்வதாக நினைக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கு வருமானம் குறைந்தது, அதற்கான ஏச்சுப் பேச்சு ரொம்ப நாள் ஓடியது. புது டாக்டர்கள் சேர மாதங்கள் ஆயின. ஆனால் இவ்வளவுதான் எங்களால் முடியும் என்று வெளியே சொல்லிவிட்ட பிறகு, அறைக்குள் இருந்தவர்கள் முகத்தில் ஒரு தெளிவு வந்ததைப் பார்த்தேன். நல்ல பேச்சு, யோகா வகுப்பு, பாராட்டுச் சான்றிதழ் இவற்றால் அது வராது. நிர்வாகம் அதற்கு முன் இந்த மூன்றையும் முயன்று பார்த்திருந்தது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வழக்கம்போல் லிஸ்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ரஃபீக் வருவாரா, அண்ணன் கடைக்குப் போவாரா என்று எனக்குத் தெரியாது. போன் செய்து கேட்கவும் இல்லை, அது அவர் எடுக்க வேண்டிய முடிவு. அவர் பெயருக்கு நேராக எதுவும் எழுதாமல் விட்டு வைத்திருந்தேன். கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார்.

"இன்னிக்கு நான் எத்தனை பாக்கணுமுங்க மேடம்?"

"ஒழுங்காப் பாக்க முடியறதப் பாருங்க. மிச்சம் என் பாடு."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் மிச்சத்தைப் பார்க்கப் போனேன்.